கோடையிலும் கொத்தமல்லி

நம் இதழில் இலக்கியக் கட்டுரைகளும் வரலாற்றுக் கட்டுரைகளும் நிறைய வருகின்றன. இம்முறை நான் ஒரு மண்சட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். மண்சட்டியில் என்ன பாடம் இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கலாம். தாவரவியல், இயற்பியல், வானியல் மூன்றும் அந்தச் சட்டிக்குள் அடங்கியிருக்கின்றன என்பதே என் விடை. அதைக் கற்பித்தது என் தோல்வி.

என் ஊர் ஆண்டர்சன்பேட்டை. கோலார் தங்கவயலின் ஒரு பகுதி அது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புவது எங்கள் ஊரார் பலரின் வாழ்க்கையாகிவிட்டது. இவ்வீடுகளில் தோட்டம் போட நிலம் கிடையாது. வாசலும் சிறு முற்றமும் உண்டு. குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக் குடங்களில் பிடித்து வைக்கும் வழக்கமும் உண்டு. கோடை வந்தால் கொத்தமல்லிக் கட்டு இளைக்கும். விலை மட்டும் பருக்கும். அதனால், சட்டியில் கீரை வளர்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று.

நான் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டின் கோடை விடுமுறையில், மேனாட்டு நூலொன்றைப் படித்துவிட்டு, கறுப்பு வண்ணம் பூசிய பழைய தகர டப்பாவில் கொத்தமல்லியும், பிளாஸ்டிக் வாளியில் லெட்டூஸ் கீரையும் விதைத்தேன். நூலில் கண்டபடியே வடக்குச் சுவரின் ஓரம் வைத்தேன். கொத்தமல்லி முளைத்தது. ஆனால், நான்கே வாரத்தில் இலை நூல் நூலாகப் பிரிந்து, தண்டு நீண்டு, பூ வைத்துவிட்டது. லெட்டூஸ் விதையோ முளைக்கவே இல்லை. அம்மா சிரித்தார். “வெயில்ல மல்லி கேட்டா எப்படிக் கண்ணு வரும்? அது பனிக்கு வர்ற பயிராச்சே” என்றார்.

அம்மா சொன்னது உண்மை. ஆனால், அது ஏன் உண்மை? அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான், செடியைத் தாக்கும் வெப்பம் ஒன்றன்று, மூன்று என்பதை அறிந்தேன். விதையைத் தாக்கும் வெப்பம் ஒன்று. வேரைத் தாக்கும் வெப்பம் ஒன்று. இலையைத் தாக்கும் வெயில் ஒன்று. இம்மூன்றையும் தனித்தனியே எதிர்கொண்டால் கோடையின் பெரும்பகுதியிலும் கீரை கிடைக்கும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

செடியின் அவசரம்

கொத்தமல்லி, வெந்தயம், சதகுப்பை, லெட்டூஸ் ஆகியவை மத்தியதரைக் கடல் நாடுகளையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்த பழங்குடிகள். எங்கள் ஊர்ச் சந்தையில் ‘சப்சிகை’ என்று கன்னடப் பெயரால் விற்கும் கீரைதான் சதகுப்பை. அந்நாடுகளில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை வறண்டது. எனவே, இச்செடிகள் குளிரில் முளைத்து, குளிரில் தழைத்து, கோடை வருமுன் பூத்து விதை தந்து மடியப் பழகியவை. வெயில் ஏறுவது அவற்றுக்கு ஓர் அறிவிப்பு. ‘காலம் முடிகிறது, இலை போதும், விதை செய்’ என்பதே அந்த அறிவிப்பு. நாம் விரும்புவது இலை. அது விரும்புவது விதை. இந்தப் போட்டியில் செடிக்குக் கிடைக்கும் அறிவிப்பைத் தாமதப்படுத்துவதே நம் வேலை.

பூக்கும் காலத்தைப் பகலின் நீளமும் தீர்மானிக்கிறது என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். லண்டன் நகரில் ஜூன் மாதத்துப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். அங்கே லெட்டூஸ் விரைந்து தண்டு விடுவதில் நீண்ட பகலுக்குப் பெரும் பங்குண்டு. தங்கவயலோ நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மிகக் குறுகிய பகல் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே, நம் ஊரில் இச்செடிகளை அவசரப்படுத்துவது பெரும்பாலும் வெப்பமே. இது நமக்கு நல்ல செய்தி. பகலைக் குறைக்க நம்மால் ஆகாது. ஒரு சட்டியின் சூட்டைக் குறைக்க நம்மால் ஆகும்.

விதையின் வெப்பம்

லெட்டூஸ் விதை ஏன் முளைக்கவில்லை? விதை கெட்டுவிட்டது என்றே முதலில் எண்ணினேன். அது தவறு. நீரை உறிஞ்சிய லெட்டூஸ் விதை, சுற்றியுள்ள வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பெரும்பாலான வகைகளில் முளைக்க மறுக்கிறது. வறண்ட கோடையில் முளைத்துச் சாவதைவிடக் காத்திருப்பதே மேல் என்பது அதன் கணக்கு. சூடு பல நாள் நீடித்தால், பிறகு குளிர்ந்தாலும் எழாத உறக்கத்தில் அது ஆழ்ந்துவிடக்கூடும்.

இச்சிறு விதை அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் பெற்றது. 1952-இல் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் லெட்டூஸ் விதைகளை வைத்து ஆய்ந்து, சிவப்பு ஒளி முளைப்பைத் தூண்டுகிறது, அதற்கு அப்பாற்பட்ட தொலைசிவப்பு ஒளி அதைத் தடுக்கிறது என்று காட்டினர். ஒளியை உணரும் அந்த நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர். அதே நிறமி வெப்பத்தையும் உணர்கிறது என்பது, கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் நடந்த ஆய்வுகளால் 2016-இல் வெளிப்பட்டது. செடிக்குக் கண் வேறு, தோல் வேறு அன்று போலும்!

இதனால் நாம் செய்ய வேண்டியது யாது? லெட்டூஸ் விதையை மாலையில் விதைக்க வேண்டும். தங்கவயல் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கோடையிலும் இரவு தணிந்துவிடும். நீர் உறிஞ்சும் முதல் மணி நேரங்கள் அந்த இரவில் கழியட்டும். மறுநாள் முதல், முளை தெரியும் வரை, சட்டியை வீட்டுக்குள் தண்ணீர்ப் பானையின் பக்கத்தில், வெளிச்சம் படும்படி வைக்கலாம். லெட்டூஸ் விதைக்கு ஒளி வேண்டும். ஆதலால் மண்ணை மேலே கொட்டி மூடாமல், தூவி லேசாக அழுத்தினால் போதும்.

கொத்தமல்லியின் குணம் வேறு. நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். அதனுள் இரு விதைகள் இருக்கின்றன. செருப்பால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து பானையோரம் வைத்தால், வேர்முனை எட்டிப் பார்க்கும். அதன் பின்னரே மண்ணுக்கு மாற்ற வேண்டும். உடைக்காமல் விதைத்தால் முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் சுடும் மண்ணில் ஈரம் காப்பது எளிதன்று. வெந்தயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊறவைத்து விதைத்தால் மூன்று நான்கு நாளில் தலை காட்டும்.

வேரின் வெப்பம்

நிலத்தில் நிற்கும் செடியின் வேருக்குப் பூமியே காவல். ஒரு சாண் ஆழத்தில் பகலின் சூடு மிகவும் தணிந்துதான் சென்று சேரும். சட்டியில் நிற்கும் செடிக்கோ நாற்புறமும் வெயில். அதிலும் கறுப்புத் தகரம் வெயிலை விழுங்கி உள்ளே தள்ளுகிறது. பிற்பகலில் என் டப்பாவின் மேற்குப் பக்கத்தைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. கை பொறுக்காத இடத்தில் இளவேர் எப்படிப் பொறுக்கும்?

இங்கே நம் முன்னோர் தண்ணீர்ப் பானையே வழிகாட்டுகிறது. சுடுமண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் பானை குளிர்கிறது. ஆனால், எவ்வளவு குளிரும் என்பது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 30 என்று கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 22 டிகிரி காட்டும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 ஆனால் அது 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. முன்னது எங்கள் பீடபூமியின் வறண்ட பிற்பகலைப் போன்றது. பின்னது கடற்கரை ஊரின் புழுக்கத்தைப் போன்றது. சட்டி முழு அளவுக்குக் குளிர்வதில்லை என்றாலும், சென்னையில் சோம்பும் மண்சட்டி தங்கவயலில் சுறுசுறுப்பாய் வேலை செய்யும் என்பது தெளிவு. காற்று வறண்டிருப்பதை நாங்கள் குறையாகவே பேசி வந்தோம். அது ஒரு வசதியும்கூட.

ஆயினும், குளிர்ச்சி இலவசமன்று. அதற்கு விலை நீர். பாலாற்றின் நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த நகரம் எங்களுடையது. நல்ல நீரைச் சட்டியின் சுவருக்குக் கொடுப்பது நியாயமாகாது. இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, அந்த மணலை மட்டும் நனைக்க வேண்டும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்னும் ஆசிரியர் காய்கறி கெடாமல் காக்க இந்த இரட்டைச் சட்டியைப் பரப்பி, அதற்காக 2000-ஆம் ஆண்டு ரோலக்ஸ் விருது பெற்றார். காய்கறியைக் காத்த சட்டி வேரையும் காக்கும். இடைமணலுக்கு அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் போதும். உப்பும் சோப்பும் கலந்த நீர் மட்டும் வேண்டா. சுவரின் வழியே உப்பு உள்ளே சேரும்.

இரட்டைச் சட்டிக்கு வழியில்லாதவர் ஈரச் சாக்கைச் சுற்றலாம். அல்லது சட்டியின் வெளிப்புறம் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பு துளைகளைச் சற்று அடைத்தாலும் வெயிலைத் திருப்பிவிடும். சட்டி பெரிதாக இருப்பதும் நன்று. அகல உயரங்களை இரு மடங்காக்கினால் வெயில் படும் பரப்பு நான்கு மடங்காகும். உள்ளிருக்கும் மண் எட்டு மடங்காகும். ஆகவே பெரிய சட்டி மெல்லச் சூடேறும். பல சிறு சட்டிகளே இருந்தால், அவற்றை நெருக்கி வைத்து ஒன்றுக்கொன்று நிழலாக்குக.

வெயிலின் திசை

இனி வடக்குச் சுவருக்கு வருவோம். ஐரோப்பாவில் எழுதப்பட்ட நூல், வடக்குச் சுவரோரம் நண்பகலில் எப்போதும் நிழல் என்று சொல்வதில் பிழையில்லை. அங்கே நண்பகல் ஞாயிறு எந்நாளும் தெற்கிலேயே நிற்கும். நம் ஊரில் அப்படியன்று. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஞாயிறு நம் உச்சிக்கு நேரே வருகிறது. அன்று நண்பகலில் நட்ட கம்புக்கு நிழலே இராது. அதன் பின் அது நமக்கு வடக்கே சென்று, ஆகஸ்டு 18-ஐ ஒட்டி மீண்டும் உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆக, நான் நிழல் என்று நம்பி வைத்த சட்டியை, மே மாதம் முழுவதும் வெயிலிலேயே காய வைத்திருந்தேன்!

நமக்கு ஏற்ற இடம் கிழக்குச் சுவரோரம். காலை இளவெயில் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். கொடுமையான பிற்பகல் வெயிலைச் சுவர் தடுத்துவிடும். ஞாயிறு வடக்கே போனாலும் தெற்கே வந்தாலும் இந்த ஏற்பாடு மாறாது. நண்பகலில் உச்சி வெயில் விழுமாதலால், பழைய வெள்ளை வேட்டியையோ பாதி ஒளியை விடும் நிழல்வலையையோ மேலே கட்டலாம். முழு இருட்டு ஆகாது. ஒளி குறைந்தால் செடி வெளுத்து நீண்டு சாயும்.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் சட்டிக்கு மண் இறுகாமலிருக்க இரண்டு டப்பா நுண்மணல் கலந்தேன். அது சயனைடு மேட்டிலிருந்து அள்ளியது. எங்கள் ஊரில் பிறந்தவருக்கு அந்த மேடுகள் விளையாட்டுத் திடல் போலப் பழகியவை. பாறையை மாவாக்கி, சயனைடுக் கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. 3 கோடி டன்னுக்கும் மேல் குவிந்து கிடக்கிறது. பூத்துப் போகுமுன் பறித்த அந்தக் கொத்தமல்லியை அம்மா ரசத்தில் போட்டார். வீட்டில் எல்லோரும் உண்டோம்.

பின்னர் பாடத்தில் படித்தபோதுதான் உறைத்தது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடும். பாறையோடு வந்த உலோகங்களோ சிதைவதில்லை. தங்கவயல் பாறையில் கந்தகம் கலந்த கனிமங்களும் உண்டு; அவை மழையிலும் காற்றிலும் அமிலம் விடுவன. அமில மண்ணில் உலோகங்கள் எளிதில் கரையும். கரைந்தவற்றை வேர் உறிஞ்சும். கீரைகளோ அவற்றை இலையில் சேர்க்கும் இயல்புடையன. நாம் உண்பதும் இலையையே. அன்றே அந்தச் சட்டியைக் காலி செய்தேன். யாருக்கும் எதுவும் நேரவில்லை என்பது என் அறிவின் பெருமையன்று, நற்பேறு.

எனவே, தங்கவயல் நண்பர்கள் மேட்டு மணலைச் சட்டியில் சேர்க்கவே கூடாது. இரட்டைச் சட்டியின் இடைவெளியிலும் கூடாது. காற்றுக் காலத்தில் அந்தப் புழுதி இலையில் படியும். ஆகையால் கீரையை இரண்டு மூன்று நீரில் அலசியே உண்ண வேண்டும். சுரங்கப் பகுதிக்கு வெளியே, நம்பகமான இடத்துச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணவுரம் ஒரு பங்கு, உப்புப் போக அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு கலந்தால் மண் இறுகாது, ஈரமும் நிற்கும். நிலத்தில் விதைப்பவனுக்கு இந்தத் தேர்வு இல்லை. சட்டியில் விதைப்பவன் தன் மண்ணைத் தானே தேர்ந்தெடுக்கிறான். எங்கள் ஊரில் சட்டிக்குள்ள தனிச் சிறப்பே இதுதான்.

அறுவடையும் காலமும்

இத்தனை செய்தும் செடி என்றேனும் பூக்கவே செய்யும். ஆகவே, கோடையில் கீரையை இளமையிலேயே அறுக்க வேண்டும். வெந்தயத்தை மூன்று வாரத்திலும், கொத்தமல்லியை விரல்நீளம் வளர்ந்ததும் எடுக்கலாம். கொத்தமல்லியின் அகன்ற இலைக்கு மேல் நூல் போன்ற இலை தோன்றினால், அது பூவின் தூது; அன்றே அறுத்துவிடுக. லெட்டூஸ் தண்டு நீளத் தொடங்கினால் அதன் பாலில் கசப்பு ஏறும். வெளியிலைகளை முன்கூட்டியே ஒடித்துண்பதே நலம். ஒரே நாளில் எல்லாச் சட்டியிலும் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு சட்டி விதைத்தால், ஒன்று முடியும்போது மற்றொன்று கைகொடுக்கும்.

விதைத் தேர்வும் உதவும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘அர்கா ஈஷா’ என்னும் கொத்தமல்லி பலமுறை அறுக்கத்தக்கது. சந்தையில் ‘பாலக்’ என்று கிடைப்பது மேனாட்டு ஸ்பினாச் அன்று. அது பீட்ரூட்டின் உறவு. ஆதலால் வெப்பத்தைச் சற்று அதிகம் தாங்கும், பன்முறை தளிர்க்கும். புதினாவுக்கு விதையே வேண்டா. கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டுகளை ஊன்றி, அரைநிழலும் இடையறாத ஈரமும் தந்தால், அகன்ற சட்டியில் ஆண்டு முழுதும் இருக்கும்.

தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டிய காலமும் உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும் வரை லெட்டூசுடன் மல்லுக்கட்டுவது நீரை வீணாக்குவதாகும். அவ்விரு திங்களும் சட்டியை அரைக்கீரைக்கும் கொடிப்பசலைக்கும் விட்டுவிடலாம். அவை வெயிலின் பிள்ளைகள். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. நம் குளிர்காலக் கீரைக்கோ தேட வேண்டிய பட்டம் இரண்டு: மழை வந்து வெயில் தணியும் ஜூன் ஒன்று, பனி தொடங்கும் காலம் மற்றொன்று. பட்டத்தை அடுத்த மாதங்களுக்கும் நீட்டுவதே சட்டியின் பயன், பட்டத்தை அழிப்பதன்று.

நண்பர்களே, விடுதியில் தங்கியிருப்பவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கிழக்குப் பார்த்த மாடிச் சுவரோரம் இரண்டு பாத்திரங்களை வையுங்கள். ஒன்று கறுப்பு வாளி, மற்றொன்று இரட்டை மண்சட்டி. ஒரே நாளில், ஒரே விதையைப் போடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டின் மண்ணிலும் விரலை நுழைத்துப் பாருங்கள். எந்தச் செடி முதலில் பூக்கிறது என்று குறித்து வையுங்கள்.

சென்ற விடுமுறையில் என் இரட்டைச் சட்டிக் கொத்தமல்லி மார்ச் கடந்தும் அகன்ற இலையோடு நின்றது. அம்மா ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். “மண்ணு எங்கேருந்து கொண்டாந்தே?” என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். அதன் பிறகே அது ரசத்துக்குப் போயிற்று.